கார்பன் கோட்டில் ஒரு மேடு

உருகிய அலுமினியத்திலிருந்து நாணய அளவில் ஒரு துண்டு வார்த்து, ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியாக நீட்டுகிறவர்கள், நீட்டிய கையை உடனே பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர் தட்சிணாமூர்த்தி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள அந்த வார்ப்பாலையில் அவர் சேர்ந்தபோது அவருக்குத் தலைநிறைய முடி இருந்தது. இப்போது இல்லை. ஆனால் நாக்கு அப்படியே இருந்தது. வேலை எளிமையானது. துண்டை இயந்திரத்தில் வைத்தால் அதன்மேல் மின்பொறி பாயும். உலோகம் ஆவியாகி ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தன் கோட்டைத் தன் இடத்தில் காட்டும். சிலிக்கான் எவ்வளவு, செம்பு எவ்வளவு, கலவையை மென்மையாக்கப் போடுகிற சோடியம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். சோடியம் கூடினால் வார்ப்பில் ஓட்டை விழும். கூடிய அன்று அவர் குத்திப் பேசுவதற்காகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“இன்னா சார், பாஸா?” என்பார் உலைக்காரர் வேம்புலி.

“வேம்புலி, உப்பு எவ்ளோ போடணும்னு வீட்டம்மாகிட்ட கேட்டுக்கக் கூடாதா? அடடா, மறந்துட்டேன். அதுதான் உன் சமையல் புடிக்காம போயிடுச்சில்ல.”

வேம்புலியின் மனைவி பிரிந்துபோனது ஆலை முழுவதும் அறிந்த செய்தி. சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவன் துண்டு அடுத்த முறை எப்படித் தேறும் என்ற அச்சமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இத்தனை ஆண்டுகளில் அவர் ஓர் எண்ணையும் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. தேறியதைத் தேறவில்லை என்று சொன்னதில்லை. மனிதர்களிடம் காட்டாத நேர்மை முழுவதையும் அவர் எண்களிடம் காட்டினார்.

சொந்த ஊரான செய்யாற்றில் தந்தை இறந்தபோது தட்சிணாமூர்த்தி இயற்பியல் முதுகலையின் முதலாண்டில் இருந்தார். படிப்பு அத்துடன் நின்றது. அந்தக் குடும்பத்தில் திருமணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் அன்றி வேறெதிலும் எவர் பெயரும் அச்சேறியதில்லை. தன் பெயர் ஓர் அறிவியல் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, மற்ற ஆய்வாளர்களின் பெயர்களோடு நிற்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஐம்பதைக் கடந்தபின் அது ஆசை என்ற அளவைத் தாண்டிவிட்டது.

அயனம்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய அடுக்குமாடியை அவர் தேர்ந்தெடுத்ததும் இதற்காகவே. தெற்கே ஏரி, கட்டடம் எழும்ப வழியில்லை. மாசி, பங்குனி மாதங்களில் பொழுது சாய்ந்ததும் தெற்கு வானில், அதிக உயரமில்லாமல், காமா வெலோரம் என்ற விண்மீன் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. உண்மையில் அது ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றும் இரண்டு பெருநிறை விண்மீன்கள். அவற்றுள் ஒன்று தன் ஹைட்ரஜன் மேலுறையை முழுவதும் இழந்து, உள்ளே வெந்த கார்பனை வெளியே காட்டிக்கொண்டு நிற்பது. இரண்டிலிருந்தும் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசுகிறது. இரு காற்றுகளும் நடுவழியில் மோதுகின்றன. மோதும் இடத்தில் கார்பன் ஒளிர்வதால், நிறமாலையில் அதன் அகன்ற உமிழ்கோட்டின் தலையில் சிறு மேடு ஒன்று எழும் என்பார்கள். அந்த மேட்டைத் தொடர்ந்து பதிவுசெய்யத் தன்னார்வலர்களைத் திரட்டிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் தட்சிணாமூர்த்தியும் பதிந்துகொண்டார். தொலைநோக்கியையும் நிறமாலைப் பெட்டியையும் மொட்டைமாடியில், வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டியின் சுவரருகே நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் ஒருமுறை இதையெல்லாம் விளக்கினார். “கூடவே சுத்துற நட்சத்திரம் இதோட மேல்தோலை உரிச்சு எடுத்துடுச்சுன்னு ஒரு கருத்து இருக்கு” என்றார்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சரசா, “அதுக்கு மாடிக்குப் போய்ப் பார்க்கணுமா? கூடத்துலயே தெரியுமே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏரிக்கும் கட்டடத்துக்கும் இடையில் குடியிருப்பின் பூப்பந்துத் திடல் இருந்தது. அங்கே ஒரு வெள்ளை எல்இடி விளக்கு எரிந்தது. அது வானத்தைக் கெடுக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினார், கூட்டத்தில் பேசினார், பேசியே களைக்க வைத்தார். விளக்கைக் கழற்றினார்கள். திடல் இருண்டது.

அந்த இருட்டில்தான் ஒரு மாலை சரசா நடைப்பயிற்சி போனார். ஏரிப்பக்கச் சுவரேறி வந்த ஒருவன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். சங்கிலி உடனே அறுந்து வரவில்லை. கழுத்துத்தான் முதலில் அறுபட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சரசாவைப் படிக்கட்டில் உட்காரவைத்து, புடவைத் தலைப்பால் கழுத்தை அழுத்திக்கொண்டு, மாடியிலிருந்த தட்சிணாமூர்த்திக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

“பேசுறாளா?” என்று கேட்டார் அவர்.

“பேசுறாங்க சார், ஆனா ரத்தம்...”

“அப்ப ஆட்டோ சொல்லுங்க. பதிவு ஓடிக்கிட்டு இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்.”

முடித்துவிட்டுத்தான் வந்தார். சரசாவின் கழுத்தில் தையல் போட்டார்கள். தழும்பு நிலைத்தது. இதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு பேச்சும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லது.

விளக்கு மீண்டும் வேண்டும் என்று சங்கம் ஒருமனதாக முடிவுசெய்தது. பெண்கள் நடக்கும்போது மட்டும் போடுவது, போகும்போது அணைத்துவிடுவது, படிக்கட்டின் கீழே ஸ்விட்ச் என்று ஏற்பாடு. தட்சிணாமூர்த்தியால் தடுக்க முடியவில்லை. ஆகவே ஒரு நிபந்தனை வைத்தார்: வைப்பது சோடியம் விளக்காக இருக்க வேண்டும். எல்இடி எல்லா நிறத்தையும் வாரி இறைக்கும். சோடியமோ மஞ்சளில் ஒரேயோர் இரட்டைக்கோடு காட்டுவதோடு சரி. வானாய்வுக்கூடங்கள்கூடச் சுற்றியுள்ள ஊர்களில் சோடியம் விளக்கையே கேட்டு வாங்கின என்று அவர் படித்திருந்தார். அந்த இரட்டைக்கோடு தம் கருவியின் பார்வைக்கு வெளியே விழும்படி நிறமாலைப் பெட்டியைத் திருப்பி வைத்திருந்தார்.

விளக்குப் போட வந்தவர் பூந்தமல்லி அமீருதீன். வார்ப்பாலையின் மின்வேலையும் அவர் ஒப்பந்தத்தில்தான் இருந்தது.

“சார், எல்இடி போட்டா முடிஞ்சுது வேலை. சோடியம்லாம் இப்ப யாரு போடுறா? காயலான் கடையிலதான் தேடணும்.”

“தேடு.”

“கரண்டு இழுக்கும் சார். சூடாகி முழுசா எரியவே நேரமாகும்.”

“பாய், ஒயர் எந்தப் பக்கம் போகணும்னு நீ சொல்லு, கைகட்டிக் கேட்டுக்கறேன். வெளிச்சம் எதுன்னு நான் சொல்றேன். அதுக்குத்தான் நான் படிச்சேன். நீ அந்த வயசுல ஏணி புடிச்சுக்கிட்டு இருந்திருப்பே.”

அமீருதீன் கூட வந்திருந்த ஆளைப் பார்த்தார். பிறகு, “படிச்சவங்க சொன்னா சரிதான் சார்” என்றார். காயலான் கடையில் தேடி, பழைய தெருவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்.

அடுத்த பருவத்தில் மேடு எழுந்தது.

கார்பன் கோட்டின் நீலப்பக்கத்துத் தோளில், சிறியதாக, ஐயத்துக்கு இடமில்லாமல். சில மாலைகளில் இருந்தது, சில மாலைகளில் இல்லை. காற்று சீராக வீசாமல் திரள்திரளாக வருகிறது, பெரிய திரள் மோதும்போது மேடு எழுகிறது என்று தட்சிணாமூர்த்தி விளக்கம் எழுதினார். தன்னார்வலர் குழுவை நடத்திய ஆய்வாளர் கனிமொழி மகிழ்ந்துபோனார். அவர் எழுதும் கட்டுரையில் தட்சிணாமூர்த்தியின் பெயர் ஆசிரியர் வரிசையில் வரும் என்று குழுவின் காணொலிக் கூட்டத்திலேயே சொன்னார். அதே கூட்டத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தம் பதிவில் மேடு எதுவும் இல்லை என்று தயங்கியபடி திரையில் காட்டினார்.

“இது கோடா, மார்கழிக் கோலமா?” என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி. “புள்ளி வெச்சு இழுத்த மாதிரி இருக்கு. நீங்க முதல்ல கருவியைத் துடைக்கக் கத்துக்கணும்.”

அந்தக் கோயம்புத்தூர்க்காரர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

கட்டுரை அனுப்பப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு விடுமுறைப் பகலில், கனிமொழி தொலைபேசியில் அழைத்தார்.

“சார், ஒரு சந்தேகம். ரெண்டு நட்சத்திரமும் சுத்திக்கிட்டே இருக்கு. காத்து மோதுற இடமும் கூடவே சுத்தணும் இல்லையா? ஒரு சமயம் நம்ம பக்கம் வரும், ஒரு சமயம் விலகிப் போகும். மேடு நீலத்துலேருந்து சிவப்புக்கு நகரணும். உங்களுது நகரவே இல்லையே.”

“நிலையா இல்லம்மா. வருது, போகுது.”

“வருது, போகுது. ஆனா வரும்போதெல்லாம் அதே இடத்துக்கு வருது.”

தட்சிணாமூர்த்தி கணினியில் பழைய பதிவுகளைத் திறந்தார்.

“வானப் பின்னணி எப்ப எடுக்கறீங்க சார்?”

“தொடங்கும்போது. ஒரு தடவை.”

வார்ப்பாலையின் வழக்கம் அது. ஷிப்ட் தொடங்கும்போது ஒருமுறை, கலவை அளவு முன்பே தெரிந்த தரத்துண்டை வைத்து இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டால், அந்த ஷிப்ட் முழுவதும் அதே கணக்கு. உலைக்கூடத்தில் அதில் பிழையில்லை. அவர் அந்த வழக்கத்தை அப்படியே மாடிக்கு ஏற்றியிருந்தார். இருட்டத் தொடங்கியதும் வெறும் வானத்தை ஒருமுறை பதிவார். அதையே அன்றைய பதிவுகள் எல்லாவற்றிலிருந்தும் கழிப்பார். அந்த நேரத்தில் பெண்கள் இன்னும் நடக்க வந்திருக்கமாட்டார்கள்.

“பக்கத்துல விளக்கு ஏதாவது இருக்கா சார்?”

“ஒண்ணே ஒண்ணு. சோடியம். நானே கேட்டுப் போட்டது. அதோட கோடு என் எல்லைக்குள்ளயே வராது.”

“லோ பிரஷரா, ஹை பிரஷரா சார்?”

“தெருவிளக்கும்மா. சோடியம் சோடியம்தானே.”

“இல்ல சார்.” கனிமொழி ஒரு நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினார். “அப்சர்வேட்டரிக்காரங்க கேட்டது லோ பிரஷர். அதுதான் அந்த ஒரே மஞ்சள். நம்ம தெருவுல இருந்ததெல்லாம் ஹை பிரஷர். அதுல சோடியத்தோட மத்த கோடுகளும் வரும். ஐயாயிரத்து அறுநூத்தி எண்பத்தெட்டு ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துல ஒண்ணு பலமாவே வரும். உங்க மேடு எந்த இடத்துல சார் நிக்குது?”

அந்த எண்ணை அவர் உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதே எண்தான்.

“விளக்கை அணைச்சு ஒண்ணு, போட்டு ஒண்ணு எடுத்து அனுப்புங்க சார். அதுவரைக்கும் கட்டுரையை நிறுத்தி வைக்கறேன்.”

அன்று மாலை அவர் சரசாவை ஸ்விட்சருகே நிற்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். ஏரியின் மேல் புகையும் பனியும் கலந்து படிந்திருந்தன. அதற்கு மேலே விண்மீன் துல்லியமாகத் தெரிந்தது. விளக்கு அணைந்திருக்க, முதல் பதிவு எடுத்தார். கார்பன் கோடு வழுவழுப்பாக நின்றது. தோளில் ஒன்றுமில்லை.

“போடு” என்று கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினார்.

விளக்கு மெல்லச் சிவந்து, மஞ்சளாகி, முழுவதும் எரிந்தது. பக்கவாட்டில் தொட்டியின் வெள்ளைச் சுவர் வெளிச்சம் வாங்கித் தொலைநோக்கியின் வாய்க்குள் சிந்தியது. இரண்டாவது பதிவில் மேடு இருந்தது.

“அணை!”

மேடு போயிற்று.

“போடு!”

திடலில் நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். “என்னக்கா, அம்மன் கோயில் சீரியல் செட்டா? அணைஞ்சு அணைஞ்சு எரியுது?” என்று ஒருத்தி கேட்டது மாடிவரை கேட்டது.

சரசாவின் குரல் அதைவிடத் தெளிவாகக் கேட்டது. “எங்க வீட்டுக்காரர் வானத்துல ஒண்ணு கண்டுபுடிச்சாரில்ல? அதுக்கு ஸ்விட்சு இங்கதான் இருக்கு. நீயும் வேணா ஒரு தடவை போட்டுப் பாரேன்.”

அவர்கள் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாக, விளக்கு ஆறி மறுபடி எரியும்வரை காத்திருந்து. சிரிப்பு சுவரேறி வந்தது. தட்சிணாமூர்த்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லும் உரிமை தமக்கு உண்டா என்று முதன்முறையாக அவருக்குத் தெரியவில்லை.

பின்னர் சரசா படியேறி மாடிக்கு வந்தார். தொலைநோக்கி வந்த நாளிலிருந்து அவர் அங்கே வந்ததில்லை. வர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது.

“காட்டுங்க” என்றார். “எது நட்சத்திரம், எது நம்ம விளக்கு?”

அவர் விரலால் காட்டினார்.

“என் கழுத்தை அறுத்தானே, அன்னிக்கு நீங்க முடிச்சுட்டு வரேன்னு சொன்னது இதைத்தானா?”

“அது வேற பதிவு. அப்ப விளக்கு இல்ல.”

“அப்ப அது சரியான பதிவா?”

“சரிதான்.” பேச்சை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எண் என்று வந்தால் அவருக்கு மறைக்கத் தெரியாது. “விளக்கு இல்லாத நாளுங்க மட்டும்தான் சரி. அதுல மேடு கிடையாது.”

“அதுல ஒண்ணுமே இல்ல.”

“இல்ல.”

“நல்லது” என்றார் சரசா. கழுத்துத் தழும்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணுமில்லாததுக்குத்தான் உக்காந்திருந்தீங்கன்னு நானும் அன்னிக்கே நினைச்சேன். நாம ரெண்டு பேரும் ஒத்துப் போனது இது ஒண்ணுதான்.”

விளக்கு எரிந்த பதிவுக்கு ‘அணைத்தது’ என்று பெயரிட்டு அனுப்ப அவருக்கு மறுநாள் பகல் முழுவதும் நேரம் இருந்தது. ஒரு சொல்லை மாற்றினால் போதும். கட்டுரை போய்விடும், பெயர் நின்றுவிடும், எவரேனும் மறுப்பு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். மதிய உணவைத் தொடாமல் கணினி முன் உட்கார்ந்திருந்தார். இறுதியில் இரண்டையும் உள்ளது உள்ளபடி அனுப்பினார். அதைத் துணிவு என்று சொல்ல முடியாது. பொய்யான எண் எழுதக் கைக்குப் பழக்கமில்லை, அவ்வளவே.

கனிமொழியின் பதில் உடனே வந்தது. மிக்க நன்றி என்றும், விளக்கு இருந்த பதிவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டதாகவும், எஞ்சியவை போதாமையால் ஆசிரியர் வரிசையில் மாற்றம் செய்ய வேண்டியிருந்ததாகவும் எழுதியிருந்தார். அந்த வரிசையில் கோயம்புத்தூர்க்காரரின் பெயர் இருந்தது.

செய்தி அமீருதீன் வழியாக வார்ப்பாலைக்குப் போனது. விளக்கை மாற்றச் சொல்லிச் சங்கம் அவரைத்தான் அழைத்திருந்தது. வேம்புலி மறுநாள் துண்டை நீட்டிவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. சன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இன்னா சார், சோடியம் எங்க கீது? உலையிலயா, வானத்துலயா?”

பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். இம்முறை அச்சமின்றிச் சிரிக்கலாமா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். தட்சிணாமூர்த்தி துண்டை வைத்தார், பொறி பாய்ந்தது, எண்கள் வந்தன.

“பாஸ்” என்றார்.

“நல்லாப் பாத்துச் சொல்லு சார். பக்கத்துல லைட்டு கிட்டு எரியுதான்னு பாத்துக்கினியா?”

சிரிப்பு வெடித்தது. அமீருதீனும் அங்கே நின்றிருந்தார். அவர் சிரிக்காமல், மிகுந்த மரியாதையுடன், “விடுப்பா, படிச்சவரு” என்றார்.

கனிமொழியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. புதிய தன்னார்வலர்களுக்கென்று தமிழில் ஒரு கையேடு தயாராகிறது, தவிர்க்க வேண்டிய பிழைகள் என்ற பகுதிக்கு அவருடைய இரு படங்களையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது, பயன்படுத்தலாமா? பெயரின்றி வெளியிடுவதே முறை என்றாலும், பெயர் வேண்டுமென்றால் போடலாம், சார் விருப்பம். கனிமொழி உண்மையான நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருந்தார். அதில் ஏளனம் தேடிய தட்சிணாமூர்த்திக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

சில நாட்கள் பதில் எழுதாமல் இருந்தார். பிறகு எழுதினார்: பெயரைப் போடவும். தலைப்பெழுத்து ‘சு’. ஊர் அயனம்பாக்கம்.

கையேடு அஞ்சலில் வந்த அன்று சனிக்கிழமை. நூம்பலில் வசிக்கும் மகள் ரோஷினியோடு சரசா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். தட்சிணாமூர்த்தி உறையைப் பிரிப்பதைப் பார்த்ததும், கைபேசியை ஒலிபெருக்கிக்கு மாற்றி மேசைமேல் வைத்தார்.

“உங்க அப்பா பேரு புஸ்தகத்துல வந்திருக்குடி. இரு, அவரே படிப்பாரு. ஏங்க, படிங்க.”

தட்சிணாமூர்த்தி பக்கத்தைத் தேடி எடுத்தார். படத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. “‘உயர் அழுத்த சோடியம் விளக்கின் கோடு, விண்மீன் காற்றின் உமிழ்வாகத் தவறாகக் கொள்ளப்பட்டது. பதிவு, விளக்கம்: சு. தட்சிணாமூர்த்தி, அயனம்பாக்கம்.’”

“அப்பா, பேரை ஏன்ப்பா போட விட்டீங்க?” என்றாள் ரோஷினி. “வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?”

அவர் பக்கத்தின் மடிப்பை நீவிச் சமமாக்கினார்.

“அப்படிச் சொல்லாதடி” என்றார் சரசா. “இத்தனை வருஷமா அவர் கேட்டது அதைத்தானே. எழுத்துப் பிசகில்லாம எவ்ளோ அழகாப் போட்டிருக்காங்க.” கைபேசியை அவர் பக்கம் இன்னும் சிறிது நகர்த்தினார். “மாப்பிள்ளையைக் கூப்பிடு, அவரும் கேக்கட்டும். நீங்க இன்னொரு தடவை படிங்க. மொதல்லேருந்து.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுமுனையில் மருமகன் வந்து, “சொல்லுங்க மாமா” என்றார். தட்சிணாமூர்த்தி படிக்கத் தொடங்கினார். தம் பெயர் வரும் இடத்தில் குரல் சற்று உயர்ந்தது.